மூன்றாவது சனிக்கிழமைக்குள்

பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு அறையில் நாம் ஒரு மாதம் குடியிருந்தோம். சின்னவளுக்கு அப்போது நாலு வயது. மதியம் வரிசையில் நின்று சாம்பார் சாதம் வாங்கியதும், பெஞ்சுக்கு அடியில் ஒளிந்து விளையாடியதும்தான் அவளுக்கு ஞாபகம். திருவிழாவுக்குப் போய் வந்த மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெரியவள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நான் எட்டாவது வரைதான் படித்தவன், எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் நான் எதற்குப் பயந்து செத்தேன் என்று என் மகள்கள் நீங்கள் இரண்டு பேரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தடத்தில், ஓடைப் பள்ளத்தை ஒட்டி இருந்தது நம் லைன் வீடு. ஒரு சுவரை இரண்டு வீடு பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக இருபது வீடு. அந்தப் பள்ளத்தில் நல்ல தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை. சாயப்பட்டறைத் தண்ணீர்தான் ஓடும். காலையில் பல் விளக்கும்போது அதன் நிறத்தைப் பார்த்து, "இன்னிக்கு மெரூன் ஆர்டர் போல" என்று பேசிக்கொள்வோம். ஐப்பசி கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் விடியும் நேரத்தில் மேலே இருந்த குளம் உடைந்து, தண்ணீர் மொத்தமாக நம் பக்கம் வந்தது. சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வெளியே வந்தேன். உங்கள் அம்மா கையில் ரேஷன் கார்டு இருந்த டப்பா. பெரியவள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள், ரோடு ஏறும் இடத்தில் கால் வழுக்கியது. பிள்ளையைப் பிடித்துவிட்டேன், பையை விட்டுவிட்டேன்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது பின்சுவர் சரிந்து கிடந்தது. மிச்சச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு ஊதா நிறத்தில் நேராக ஒரு கோடு. உள்ளே கிடந்த பெரியவளின் யூனிஃபார்ம் தாவணியிலும் அதே ஊதா ஏறியிருந்தது.

நம்மைக் கொண்டுபோய் வைத்த இடம் அவள் படித்த அரசாங்க உயர்நிலைப் பள்ளி. நம் லைன் வீடு போலப் பள்ளத்தோரம் இருந்த நாலைந்து வரிசைக்காரர்களும் அங்கேதான். அறைக்கு ஐந்து குடும்பம். நமக்கு விழுந்தது பெரியவளின் வகுப்பறையே. அவள் உட்காரும் பெஞ்சை நானே தூக்கி வராண்டாவில் போட்டேன். கரும்பலகையில், மழைக்கு முன்னால் கணக்கு டீச்சர் எழுதிய ஒரு கணக்கு பாதியில் நின்றிருந்தது. மணி அடித்திருக்க வேண்டும். மூன்றாவது வரியில் சமக்குறி போட்டதோடு சரி, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

பக்கத்துக் குடும்பத்து அக்கா தினமும் யார் பால் வாங்கப் போவது என்று பலகையில் எழுதலாம் என்றார். பெரியவள் ஓடிப்போய் அந்தக் கணக்கைச் சுற்றிக் கட்டம் போட்டு, கீழே 'அழிக்காதீர்கள்' என்று எழுதினாள்.

"ஏ பிள்ள, உங்க டீச்சர் வந்து சோறு போடுவாங்களா?" என்று அந்த அக்கா சிரித்தார்.

"டீச்சர் வந்து முடிப்பாங்க. நாங்க இன்னும் எழுதிக்கல" என்றாள் இவள்.

ஒரு வாரம் போயிற்று. தலைமையாசிரியை தினமும் காலை ஒன்பது மணிக்கு வருவார். அவர் அறையில் நிவாரண அரிசி மூட்டை அடுக்கியிருந்தது. இரண்டு மூட்டைக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். கேட்டுக்கு வெளியே மற்ற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் வந்து நிற்பார்கள். "எங்க பசங்க படிப்பு என்னாவறதுங்க? இன்னி எத்தனை நாளைக்குங்க இப்படிப் பூட்டி வெப்பீங்க?" என்று சத்தம் போடுவார்கள். உள்ளே இருக்கிறவர்கள், "அப்ப எங்களை ரோட்டுல போய்ப் படுக்கச் சொல்லுதியளா?" என்று திருப்பிச் சத்தம் போடுவார்கள். நான் கேட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நிற்பேன். படிப்பு கெடுகிற பிள்ளையின் அப்பனும் நான்தான். இடத்தை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறவனும் நான்தான்.

இதற்கு நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். பனியன் கம்பெனியில் அம்மா பேக்கிங்குக்கும் நான் கட்டிங் மாஸ்டர் வேலைக்கும் போய்விட்டால் பெரியவள் பகல் முழுக்க அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். வராண்டாவில் சீட்டாட்டம், பகலிலேயே குடித்துவிட்டு வருகிறவர்கள், கக்கூசுக்கு ஒரு வரிசை. சின்னவளையாவது பக்கத்து அக்கா பார்த்துக்கொண்டார். பதினைந்து வயசுப் பிள்ளையை யார் பொறுப்பில் விடுவது? ஒரு திங்கட்கிழமை அவளைக் கம்பெனி வேனில் ஏற்றி என்னோடு கூட்டிக்கொண்டு போனேன். என் கண்பார்வையில் இருக்கட்டும் என்றுதான்.

தைத்து வரும் பனியனில் பிசிறு பார்க்கும் செக்கிங் பிரிவின் கான்ட்ராக்டர் அவள் கையில் நூல் வெட்டும் கட்டரைக் கொடுத்தார். "சும்மா உக்காந்திருக்கறதுக்கு நாலு பீஸ் பாக்கட்டும் மாஸ்டர். ஸ்கூல் தொறக்கற வரைக்குந்தானுங்களே" என்றார்.

நானும் அதையே சொன்னேன். ஸ்கூல் திறக்கிற வரைக்கும்தானே.

சனிக்கிழமை சம்பளக் கவரை அவள் கையிலேயே கொடுத்தார்கள். திரும்பி வரும்போது அவள் சின்னவளுக்கு ஒரு கவுனும் அம்மாவுக்குச் சீப்பும் வாங்கினாள். தண்ணீர் வந்த பிறகு நம் குடும்பத்தில் யாராவது சிரித்த முதல் நாள் அது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. இரண்டாவது சனிக்கிழமை கவரை வாங்கியதும் அவள், "அப்பா, அடுத்த மாசம் ஓவர்லாக் மிஷின்ல தைக்கப் பழகித் தாரேன்னு செக்கிங் அக்கா சொல்லுதாங்க" என்றாள். அடுத்த மாசம் என்ற வார்த்தையில்தான் எனக்குப் பயம் பிடித்தது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியை கூட்டம் போட்டார். பெற்றோர் கழகத் தலைவர் வந்திருந்தார். அந்த ஊர்ப் பழைய விவசாயக் குடும்பம், சொந்தமாகச் சின்ன பனியன் கம்பெனியும் உண்டு. ஊர்க் கல்யாண மண்டபம் அவர் பொறுப்பில்தான். அவர் சொன்னார்: "மண்டபத்துல கார்த்திகை முச்சூடும் முகூர்த்தம் புக்காயிருச்சுங்க. மண்டபத்துப் பேரைப் போட்டு பத்திரிக்கை அடிச்சவங்களை நான் என்ன சொல்லி வெரட்டறது? மார்கழி பொறந்தா ஒரு கல்யாணமும் இல்லீங்க. ஒண்ணாந்தேதி காலைல சாவியக் குடுத்தர்றேன். தை பொறக்கற வரைக்கும் அல்லாரும் இருந்துக்கலாம்."

எல்லோருக்கும் நிம்மதி. மார்கழிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. "அப்ப பன்னெண்டு நாள் பொறுத்தாச் சரியாப்போச்சு" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

தலைமையாசிரியை எழுந்தார். மெதுவாகத்தான் பேசினார். "நான் இந்தப் பக்கத்துல ரொம்ப வருஷமா வேலை பார்க்கறனுங்க. ஸ்கூல் மூடினா பிள்ளைங்க எங்க போறாங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கின பிள்ளை திரும்பி வந்துரும். ரெண்டு சனிக்கிழமை வாங்கின பிள்ளை, வீட்ல யாராவது கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தா வரும். மூணு சனிக்கிழமை வாங்கின பிள்ளைய நான் மறுபடி வகுப்புல பார்த்ததே இல்லீங்க. எனக்குப் பன்னெண்டு நாள் கிடையாது. பத்தாவதை மட்டுமாவது இந்த வாரமே தொறக்கணும்."

பெரியவள் இரண்டு கவர் வாங்கிவிட்டாள். மூன்றாவது சனிக்கிழமைக்கு ஆறு நாள்.

அறைக்குத் திரும்பினால், கரும்பலகை துடைத்துக் கிடந்தது. கட்டம் இல்லை, கணக்கு இல்லை. அந்த இடத்தில் இந்த வாரம் யார் யார் எந்த நாள் ராத்திரி வரைக்கும் ஒன்றரை ஷிப்ட் வேலை என்று எழுதியிருந்தது. பெரியவளின் கையெழுத்து.

"நீயா அழிச்ச?" என்று கேட்டேன்.

"ஆமாப்பா" என்றாள்.  ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம்.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். கட்டிங்கில் துணியை விரித்து, முன்பக்கம், முதுகு, கை, கழுத்துப் பட்டி என்று அட்டைகளை அதன்மேல் கொஞ்சமும் இடம் வீணாகாமல் அடுக்கிக் கோடு போட வேண்டும். அதற்கு மார்க்கர் போடுவது என்று பெயர். பெரிய அட்டையை முதலில் வைத்துவிட்டு, மிச்ச சந்தில் சின்ன அட்டைகளைத் திருப்பித் திருப்பிச் சொருக வேண்டும். தலைமையாசிரியையிடம் ஒரு சார்ட் பேப்பர் கேட்டு வாங்கி, பள்ளிக்கூடத்தையே ஒரு துணி மாதிரி வரைந்தேன். பத்தாவது இரண்டு பிரிவுக்கும் இரண்டு அறை, அதுதான் பெரிய அட்டை. அந்த அறைகளில் இருக்கிற குடும்பங்கள் காலை எட்டரைக்கு வேலைக்குப் போகும்போது மூட்டையைச் சுருட்டிப் பின்சுவரோடு அடுக்க வேண்டும். வேலைக்குப் போகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆய்வகம். சாயந்திரம் பிள்ளைகள் போனதும் அறை மறுபடி நம்முடையது. சாயந்திரம் ஒவ்வொரு குடும்பமாகப் போய்ச் சொல்லிச் சம்மதம் வாங்கினேன்.

தலைமையாசிரியை பேப்பரை ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்வளவு சுலபமாங்க மாஸ்டர்?" என்றார்.

"இடம் இருக்கும்மா. அடுக்கத் தெரியணும், அவ்வளவுதான்" என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

செவ்வாய்க்கிழமை திறப்பதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். பெரியவளுக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளையிடம் தாவணி இரவல் வாங்கி அம்மா உடுத்திவிட்டாள். பெரியவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எட்டரைக்குக் குடும்பங்கள் மூட்டையைச் சுருட்டின. நானும் மற்றவர்களும் பெஞ்சுகளைத் தூக்கிவரப் போனோம். பெஞ்சோடு திரும்பி வந்தால் அறை நடுவில் ஆறு ஆம்பிளைகள் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள்.

நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர்கள். ராத்திரி ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்து சாய்ந்தவர்கள். ஆறு வருஷம் அவர்களோடு ஒரே லைன் வீட்டில் இருந்தேன். ஒருத்தர் நமக்கு அடுத்த சுவர். ஆனால் அவர்கள் வேலை முடித்துத் திரும்பும்போது நான் கிளம்பியிருப்பேன், நான் திரும்பும்போது அவர்கள் போயிருப்பார்கள். அவர்கள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கூட்டம் நடந்தபோதும் அவர்கள் எங்கோ மூலையில் தூங்கிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். பள்ளிக்கூடம் முழுவதையும் அளந்து கோடு போட்ட நான், பகலில் தூங்குகிறவன் ஒருத்தன் இருப்பான் என்று நினைக்கவே இல்லை.

எழுப்பினேன். ஒடிசாக்காரப் பையன் கண்ணைத் திறக்காமலேயே, "சோனே தோ பாய்" என்று, தூங்க விடச் சொல்லித் திரும்பிப் படுத்தான். இன்னொருத்தர் எழுந்து உட்கார்ந்து கத்தினார். "பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்திருக்கேன்யா. உம்ம பேப்பர்ல எனக்கு எங்கய்யா இடம்? காட்டும் பாப்போம்!"

காட்ட இடம் இல்லை. ஆய்வகத்தில் குழந்தைகளும் வயசானவர்களும் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் பத்தாவதுப் பிள்ளைகள் பையோடு நின்று எட்டிப் பார்த்தார்கள். உள்ளே லுங்கியோடு படுத்திருக்கிற ஆம்பிளைகளைப் பார்த்துப் பெண் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு அம்மா தன் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். தலைமையாசிரியை என்னைத் திட்டவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம், போங்க கண்ணு" என்று பிள்ளைகளை அனுப்பினார். 

கேட்டுக்கு வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. மழைச் சேற்றில் அன்றைக்கு லேட்.

"அப்பா, வேன் போயிரும்" என்றாள் பெரியவள். இரவல் தாவணியோடேயே போய் ஏறிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை. நான்கு நாள் மிச்சம்.

நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் களத்தில் நின்று மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். மண்டபம் வேண்டாம், ஆறு பேர் பகலில் மட்டும் படுக்க ஒரு இடம் போதும் என்றேன்.

"தோட்டத்துச் சாளைக் கொட்டாய் சும்மாதான் கெடக்குதுங்க" என்றவர், நிறுத்தினார். "ஆனா யாரு என்னன்னு தெரியாதவங்களை எப்படிங்க மாஸ்டர்? ஊட்ல பொம்பளைங்க இருக்கறாங்க. போனாட்டி மோட்டார் ஒயரைத் திருடிட்டுப் போனது ஆருன்னே இன்னும் தெரியல."

"நான் பொறுப்புங்க" என்றேன்.

"நீங்க அவங்களோட ஆறு வருஷம் இருந்தேன்னீங்க. பகல்ல தூங்குவாங்கன்னே உங்களுக்குத் தெரியலீங்களே" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தெரியலீங்க. அதனாலதான் என் பிள்ளை இன்னிக்கு வேன் ஏறிப் போயிட்டா" என்றேன். 

அவர் தட்டைக் கீழே போட்டார்.  "பீடி பத்த வெக்கப்படாதுங்க. சோளத்தட்டுப் போரு பக்கத்துலயே இருக்குது. பத்திக்கிச்சுன்னா என்ற மாடு பட்டினி, உங்க ஆளுக ஜெயிலு" என்றார். அதுதான் அவர் சம்மதம் சொன்ன விதம்.

சாயந்திரம் ஆறு பேரையும் எழுப்பி, டீ வாங்கிக்கொடுத்து, மன்னிப்புக் கேட்டேன். காலையில் கத்தியவர், "பாயி கீயி உண்டா, இல்ல மாட்டோட படுக்கணுமா?" என்று கேட்டார். கயிற்றுக் கட்டிலே உண்டு என்றதும், "அப்ப மார்கழி பொறந்தாலும் நான் மண்டபத்துக்கு வரமாட்டேன்" என்றார்.

புதன்கிழமை பத்தாவது திறந்தது. எல்லாம் அடங்கியது, ஒன்றைத் தவிர. பெரியவள் அதற்கு முன்னாலேயே வேன் ஏறிவிட்டாள். "நேத்து மாதிரி திருப்பி அனுப்புவாங்க, எனக்கு வெக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனதாக அம்மா சொன்னாள்.

டவுன் பஸ் பிடித்துக் கம்பெனிக்குப் போனேன். செக்கிங் டேபிளில் எட்டு பெண்கள், நடுவில் இவள். தலையைத் தூக்காமல் நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். கை அவ்வளவு வேகம். அந்த வேகத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஸ்கூல் தொறந்தாச்சு. வா" என்றேன்.

"சனிக்கிழமை வரைக்கும் இருந்துட்டு வாறேம்பா" என்றாள்.

கான்ட்ராக்டர் வந்துவிட்டார். "ஷிப்மென்ட் இருக்குதுங்க மாஸ்டர். மூணு நாள்ல என்ன கொறஞ்சு போச்சு? சனிக்கிழமை கவர் வாங்கிட்டே போகட்டும்."

மூன்று நாள்தான். வெளியிலிருந்து கேட்கிறவர்களுக்கு நான் கிறுக்கன் மாதிரி இருந்திருப்பேன்.  கடைசியில் கேட்டேன். "அந்தக் கணக்கை ஏன் பிள்ள அழிச்ச?"

அவள் கட்டரை நிறுத்தினாள். "எனக்கு அதுக்கு மேல தெரியலப்பா. தினமும் படுக்கும்போது அதைத்தான் பாப்பேன். ஒருத்தரும் வந்து முடிக்கப் போறதில்லன்னு தோணிச்சு. அதான்."

ஒன்று சொல்கிறேன். கட்டிங் மாஸ்டர் எவனும் தான் தப்பாக வெட்டியதாக ஒத்துக்கொள்ள மாட்டான். அளவு குறைந்தால் துணி சரியில்லை என்பான், சுருங்கிவிட்டது என்பான், டையிங்காரனைக் கை காட்டுவான். நானும் அப்படித்தான் காலம் தள்ளினேன். அன்றைக்கு அந்த டேபிள் முன்னால், எல்லோரும் கேட்கச் சொன்னேன். "உன்னை இங்க கூட்டிட்டு வந்தது என் தப்பு. நேத்து உங்களை வாசல்ல நிக்க வச்சதும் என் தப்பு. மார்க்கர் தப்பாப் போட்டு, தப்பா வெட்டிட்டேன். இப்ப சரி பண்ணிட்டேன், நீ வந்து பாரு."

 மூலையில் இருந்த அக்கா கையில் இருந்த பனியனை உயரத் தூக்கினார். "அடி ஆத்தி! மாஸ்டரு தப்பா வெட்டிட்டேன்னு அவரு வாயால சொல்லிட்டாருங்கோ! தேதியப் போட்டு செவுத்துல எழுதுங்கடி!"

டேபிளே சிரித்தது. "கழுத்து பெருசா வந்த ஆயிரம் பீஸுக்கும் இப்பவே சேத்து ஒத்துக்கங்க மாஸ்டர்!" என்றார் இன்னொருத்தர். கான்ட்ராக்டருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கட்டரை டேபிளில் வைத்தாள். அந்த அக்கா அதை எடுத்துத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, "போ கண்ணு, போ. இது எங்கயும் ஓடிப் போகாது" என்றார். அவர் தைரியம் சொன்னதாகத்தான் நினைத்திருப்பார். எனக்கு அந்த வார்த்தை இன்றைக்கும் திக்கென்கிறது.

பள்ளிக்கு வரும்போது பதினோரு மணி. பின்சுவரோடு நம் மூட்டைகள், அதற்கு முன்னால் பிள்ளைகள். கணக்கு டீச்சர் லேட் ஏன் என்று கேட்கவில்லை, பெஞ்சைக் கையால் காட்டினார். நான் வராண்டாவில் கொஞ்ச நேரம் நின்றேன். பலகையில் வேறு ஏதோ கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிகிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் போனேன்.

அத்தோடு பயம் தீர்ந்துவிடவில்லை. வியாழக்கிழமை காலை எட்டரைக்கு வேன் வந்து நின்றது. பெரியவள் குழாயடியில் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். அவள் ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். இரண்டாவது தடவை அடித்தார். நான் சோற்றுத் தூக்கோடு வேன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன்.

"என்ன மாஸ்டர், பாப்பா வரலீங்களா?" என்று கேட்டார் டிரைவர்.

"நீங்க வண்டிய எடுங்க" என்றேன்.

சனிக்கிழமை தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது, பத்தாவதில் நாலு பெண் பிள்ளைகள் வரவில்லை. அவர் ஒவ்வொரு வீடாக நடந்தார். நானும் கூடப் போனேன். இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை. அதில் ஒருத்தி நம் அறையிலேயே, நமக்கு அடுத்த பாயில் படுத்த பிள்ளை. நான் மகளை வேனில் கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் அவள் அப்பாவும் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு முன்னால் போய் நின்று, நான் செய்தது தப்பு, நீங்களும் செய்யாதீர்கள் என்று சொன்னேன். "உங்களுக்கென்ன மாஸ்டர், நீங்க மாஸ்டர். எனக்கு அந்தச் சம்பளமா?" என்றார். 

மார்கழி முதல் தேதி மண்டபத்துக்கு மாறினோம். அறையைக் கழுவிவிட்டுக் கடைசியாக நான்தான் வெளியே வந்தேன். பெஞ்சுகளை எண்ணி வரிசை பார்த்துப் போட்டபோது, பெரியவளுக்குப் பக்கத்து இடம் அடுத்த பாயில் படுத்த அந்தப் பிள்ளையுடையது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தையும் துடைத்துவிட்டுத்தான் வந்தேன்.